பூ வைக்காத படம்

லண்டனுக்கு வந்து நம் சனம் எல்லாம் ஆங்கிலம் படித்தது. நான் ஸ்பானிஷ் படித்தேன். கெட்டித்தனத்தால் அல்ல. விடிய முன்னம் பஸ் பிடித்துப் போய் அலுவலகக் கட்டடங்களைத் துடைக்கிற வேலையில் என்னோடு நின்றவர்கள் எல்லாரும் கொலம்பியா, பெரு, எக்குவடோர் என்று அந்தப் பக்கத்து ஆட்கள். அவர்களோடு சேர்ந்து சுப்பர்வைசரைத் திட்ட வேண்டுமானால் அவர்களுடைய மொழி வேண்டும். தமிழில் திட்டினால் எனக்கு மட்டும்தான் ஆறுதல்.

அந்தக் கூட்டத்தில் ஒரு கொலம்பியாக்காரி இருந்தாள். என் வயதுதான். தன் ஊரில் நாடகம் படிப்பித்தவள், இங்கே என்னோடு கழிப்பறை கழுவினாள். அவளுடைய தம்பியை ஒருநாள் பஸ்ஸிலிருந்து இறக்கிக் கொண்டுபோனார்களாம், பிறகு ஆளைக் காணவில்லை. இதை அவள் துடைப்பத்தைப் பிழிந்துகொண்டே சொன்னாள். நானும் வாளித் தண்ணீரை மாற்றிக்கொண்டே என் அத்தானைப் பற்றிச் சொன்னேன். அத்தான் என்றால் அக்காவின் கணவர். ஊரில் போர் நடந்த காலத்தில் இலங்கை ஆமியிடம் சரணடைந்தவர். அக்கா கைக்குழந்தையோடு பார்த்துக்கொண்டு நிற்க, பஸ்ஸில் ஏற்றினார்கள். அந்த பஸ் எங்கே போனது என்று இன்றுவரை ஒருவரும் சொல்லவில்லை. நாங்கள் இரண்டு பேரும் அழவில்லை. ஆட்கள் வேலைக்கு வர முன்னம் அந்த மாடியை முடிக்க வேண்டியிருந்தது.

அவள்தான் என்னை நாடகத்துக்கு இழுத்தாள். டொட்டன்ஹாமில் ஒரு கோயில் மண்டபத்தில், கத்தோலிக்கக் கோயில், சனிக்கிழமை பின்னேரங்களில் அவளுடைய குழு ஒத்திகை பார்க்கும். துப்புரவு வேலை செய்கிறவர்கள், சமையல்காரர்கள், பிள்ளை பராமரிக்கிறவர்கள், அவர்களுடைய பிள்ளைகள். நம் சங்கங்களின் நாடகங்களில் மைக்குக்கு முன்னால் வரிசையாக நின்று கத்துவதைப் பார்த்துப் பழகிய எனக்கு, இவர்கள் மைக்கே இல்லாமல் மெதுவாகப் பேசியது முதலில் நாடகமாகவே தெரியவில்லை.

அவர்களுடைய வழக்கம் வேறு. ஒவ்வொரு வேடத்துக்கும் இரண்டு பேர். ஒருவர் ஸ்பானிஷில் பேசுவார், மற்றவர் ஆங்கிலத்தில். ஒருவர் சொன்னதை மற்றவர் மொழிபெயர்ப்பது இல்லை. ஒரே ஆள் இரண்டு உடம்பில் மேடையில் நிற்பார், ஒருவர் விட்ட இடத்தில் மற்றவர் தொடங்குவார். ஆங்கிலம் ஓடாத தாய்தகப்பனுக்கும் ஸ்பானிஷ் ஒழுங்காக வராத பிள்ளைகளுக்கும் அது ஒன்றுதான் வழி. இதில் கொலம்பியாக்காரி விட்டுக்கொடுக்காத ஒரு சட்டம் இருந்தது. சோடியில் ஒருவர் வராவிட்டால் மற்றவர் முழு வேடத்தையும் எடுக்க வேண்டும், தெரிந்த மொழியில், தெரிந்த அளவில். ஷிப்ட் மாற்றினார்கள், காய்ச்சல், பஸ் வரவில்லை என்று நாடகத்தை நிறுத்தியதே கிடையாது. ஒருமுறை ஒரு பெருக்காரர் வராததால் அவருடைய மகள் தனக்குத் தெரிந்த கொஞ்ச ஸ்பானிஷை வைத்துக்கொண்டு ஒரு கிழவனின் மரணத்தை நடித்து முடித்தாள். சனம் சிரிக்கவும் ஏலாமல் அழவும் ஏலாமல் இருந்தது.

எனக்கு லைட் போடுகிற வேலை. இரண்டு மொழியும் தெரிந்தபடியால் காட்சி எங்கே முடிகிறது என்று எனக்கு விளங்கும். வீட்டு வாடகைக்காரன் பற்றி ஒரு சிரிப்பு நாடகம், இடிக்கப்போகிற சந்தை பற்றி ஒன்று, எங்களைப் போன்ற துப்புரவுக்காரரைப் பற்றி ஒன்று என்று வருடத்துக்கு ஒன்றாகப் போட்டோம். துப்புரவு நாடகத்தைப் பார்க்க எங்கள் சுப்பர்வைசர் வந்து, தன்னைத்தான் நடிக்கிறார்கள் என்று விளங்காமல் விழுந்து விழுந்து சிரித்துவிட்டுப் போனார்.

அக்காவும் அவளுடைய மகளும் எட்மண்டனில் என்னோடுதான் இருந்தார்கள். அக்கா பக்கத்துத் தெருவில் ஒரு லோண்டரியில் சேட் அயன் பண்ணினாள். மகளைச் சனிக்கிழமைகளில் தமிழ் வகுப்புக்கு விட்டோம். அவள் அதிலிருந்து தப்பி என்னோடு மண்டபத்துக்கு வரத் தொடங்கினாள். தாயின் மொழியில் திக்கித் திணறுகிற பிள்ளைகள் அங்கே நிறைய இருந்தார்கள், அதனால் அவளுக்கு அங்கே வெட்கம் இல்லை. ஆங்கில வேடங்கள் அவளுக்கு இலகுவாக வந்தன. வளர்ந்து, படித்து, வேலைக்குப் போன பிறகும் நாடகத்தை அவள் விடவில்லை.

அக்காவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நாங்கள் மன்னார்க் கத்தோலிக்கர். நவம்பர் மாதத்தில் மரித்தவர்களுக்காகப் பூசை ஒப்புக்கொடுப்போம், ஒவ்வொரு வீடும் தன் செத்தவர்களின் பெயரைக் கொடுக்கும். அக்கா அம்மாவின் பெயரைக் கொடுப்பாள், ஐயாவின் பெயரைக் கொடுப்பாள். அத்தானின் பெயரைக் கொடுக்கவே மாட்டாள். அதே பூசையில் மன்றாட்டு வரும்போது, பிரயாணத்தில் இருக்கிறவர்களுக்காக என்று எழும்பி நின்று அத்தானின் பெயரைச் சொல்வாள். வருடா வருடம். கோயிலில் இருந்தவர்கள் குனிந்து தங்கள் விரல்களைப் பார்த்துக்கொண்டு, கேட்டருளும் ஆண்டவரே என்பார்கள். எனக்கு முதலில் அழுகை வந்தது, பிறகு எரிச்சல் வந்தது, பிறகு பழகிவிட்டது.

மகளுக்கு ஹரோவில் ஒரு பொடியன் சரிவந்தான். நல்ல பொடியன், எங்களைப் போல வேதக்காரர்தான். கலியாண அட்டை அடிக்கப் போகும்போதுதான் பிரச்சினை வந்தது. பொடியனின் தாய் எங்கள் வீட்டில் தேத்தண்ணி குடித்துக்கொண்டு, மெதுவாகத்தான் கேட்டார்.

"குறை நினைக்கப்படாது. தகப்பன்ரை பேருக்கு முன்னாலை காலஞ்சென்ற எண்டு போடுறதோ?"

அக்கா சிரித்தாள். "அதெப்பிடிப் போடுறது? அவர் வரவேணும். அவர் வராமல் ஆர் பிள்ளையைக் கையிலை பிடிச்சுக் கோயிலுக்கை கொண்டுபோறது? கொஞ்சம் பொறுங்கோ."

அவர்கள் பொறுத்தார்கள். அந்தக் கொஞ்சம் நீண்டுகொண்டே போனது. மகள் தாயோடு சண்டை பிடிக்கவில்லை. சண்டை பிடித்திருந்தால் நல்லாயிருந்திருக்கும் என்று இப்போது தோன்றுகிறது. தாயின் பொறுமைக்கும் ஹரோவின் பொறுமைக்கும் நடுவில் அவள் தேய்ந்துகொண்டு இருந்தாள்.

அந்த வருடம்தான் கொலம்பியாக்காரி காத்திருக்கிற பெண்ணைப் பற்றி நாடகம் எழுதினாள். புருஷனைக் கொண்டுபோய்விட்டார்கள், பெண் காத்திருக்கிறாள், அவ்வளவுதான் கதை. பெருவிலிருந்து வந்த ஒரு பெண் ஸ்பானிஷில் பேசினாள், அக்காவின் மகள் ஆங்கிலத்தில் பேசினாள். ஒத்திகை முடியும்வரை அக்கா மண்டபத்தின் பின்பக்கத்தில் இருந்து, வீட்டுக்குக் கொண்டுவந்த லோண்டரிச் சேட்டுகளுக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருப்பாள். கொலம்பியாக்காரி அவளையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு ஒருநாள் என்னிடம் சொன்னாள், அந்தப் பெண் பேசாமல் இருக்கும் நேரத்துக்கு எனக்கு ஆள் இல்லை, உன் அக்கா வருவாளா என்று.

அக்கா மாட்டேன் என்பாள் என்று நினைத்தேன். "என்ன செய்யவேணும்?" என்று கேட்டாள்.

"ஒண்டும் பேசத் தேவையில்லை. மேடையிலை நிண்டு ஒரு சேட் அயன் பண்ணவேணும்."

"அது ஏலும்," என்றாள்.

அப்படியாக அந்த ஒரு வேடத்துக்கு மூன்று பேர். ஒருத்தி ஸ்பானிஷ், ஒருத்தி ஆங்கிலம், அக்கா ஒன்றுமில்லை. மற்ற இருவரும் கத்தி அழுது தீர்த்த பிறகு அக்கா ஒரு வெள்ளைச் சேட்டைத் தண்ணீர் தெளித்து, கொலரிலிருந்து தொடங்கி, கைகளை மடித்து, ஆறுதலாக அயன் பண்ணிக் கதிரையின் முதுகில் கொழுவிவிடுவாள். சூடான துணியின் மணம் முன்வரிசை வரைக்கும் வரும். அந்த இடத்தில் ஒருவரும் இருமக்கூட மாட்டார்கள். நான் பின்னால் லைட்டைப் பிடித்துக்கொண்டு இருப்பேன், என் அக்காவைப் பார்த்து எனக்குப் பெருமையாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது.

அந்தக் குழுவுக்கு இன்னொரு வழக்கம். ஒவ்வொரு நாடகத்தின் கடைசிக் காட்சிநாளிலும் முடிவில் வரிசையாக நின்று கும்பிட மாட்டார்கள். நடிகர்கள் ஒவ்வொருவராகத் தங்களுடையவர் ஒருவரின் படத்தைக் கொண்டுவந்து மேடையில் வைத்து, முன்னால் ஒரு மஞ்சள் செவ்வந்திப் பூவை வைத்து, பெயரைக் கூப்பிடுவார்கள். மண்டபம் முழுக்க எழும்பி "பிரெசெந்தே!" என்று சொல்லும். இங்கே இருக்கிறார் என்று அர்த்தம். செத்தவர்களுக்கும் அதுதான், காணாமல் போனவர்களுக்கும் அதுதான். அவர்கள் பிரித்துப் பார்ப்பதில்லை. எங்களுக்கோ இரண்டும் ஒன்றாகாது. எங்கள் வீடுகளில் படம் சும்மா தொங்கினால் ஆள் கனடாவில் இருக்கிறார். அதே படத்துக்குப் பூ வைத்தால் ஆள் இல்லை.

அக்காவின் மகள் இதை அறியாதவள் அல்ல. ஆனால் மண்டபத்துக்குள் வந்தால் அவள் அந்தப் பிள்ளைகளில் ஒருத்தி. எத்தனையோ நாடகங்களில் மற்றவர்களுடைய அண்ணன்மாருக்கும் மாமன்மாருக்கும் தொண்டை கிழியப் பதில் சொன்னவள். ஒத்திகை முடிந்து பஸ்ஸுக்கு நின்றபோது, இந்தமுறை அப்பாவின் படம் வைக்கப்போகிறேன் என்று என்னிடம் ஆங்கிலத்தில் சொன்னாள்.

"கொம்மாவைக் கேட்டனீயோ?"

"கேட்டா இல்லை எண்டுதான் சொல்லுவா. இது கோயில் இல்லைத்தானே, சின்னம்மா. இதிலை அப்பா செத்ததெண்டு ஒருத்தரும் சொல்லேல்லை. ஒருக்கா அவற்றை பேரை ஆராவது சத்தமாச் சொல்லவேணும்."

"என்னெண்டாலும் கொம்மாவைக் கேள்," என்றேன். அவள் கேட்கவில்லை.

கடைசிக் காட்சி ஒரு ஞாயிறு பின்னேரம். மண்டபம் நிறைந்து, சுவரோடு நின்று பார்த்தார்கள். ஹரோக்காரரும் வந்து மூன்றாம் வரிசையில் இருந்தார்கள். அக்கா சேட்டைக் கொழுவினாள். வழக்கம் போல உள்ளே போகாமல், அயன் ஆறட்டும் என்று மேடை ஓரத்தில் நின்றுகொண்டாள். படங்கள் வரத் தொடங்கின. கொலம்பியாக்காரி தம்பியின் படத்தை வைத்துப் பெயரைக் கூப்பிட்டாள். பிரெசெந்தே. பெருக்காரி தன் தாய்க்கு. பிரெசெந்தே. அக்காவும் மரியாதையாகத் தலையைக் குனிந்துகொண்டு நின்றாள்.

பிறகு மகள் வந்தாள். அந்தப் படம் எனக்குத் தெரியும், அக்காவின் செபப்புத்தகத்துக்குள் இருக்கிற கலியாணப் படம். அதைப் பெரிதாக்கி அத்தானை மட்டும் வெட்டி எடுத்திருந்தாள். ஆனாலும் ஓரத்தில் அக்காவின் கூறைச்சேலைக் கரை கொஞ்சம் தெரிந்தது. அந்தச் சேட் தொங்கிய கதிரையிலேயே படத்தை வைத்தாள். பூவை வைத்தாள். தகப்பனின் பெயரை, பெரிய சத்தமாக, லண்டன் உச்சரிப்பில் கூப்பிட்டாள்.

"பிரெசெந்தே!" என்றது மண்டபம்.

அக்கா தலையை நிமிர்த்தினாள். நடந்து வந்து கதிரைக்கு முன்னால் நின்றாள். கன நேரம் படத்தைப் பார்த்தாள். பிறகு குனிந்து பூவை எடுத்து, சட்டையில் ஒட்டிய நூலைத் தட்டிவிடுகிற மாதிரிப் படத்தைக் கையால் துடைத்து, பூவை மகளின் கையில் கொடுத்தாள்.

"இதைக் கொண்டுபோ, பிள்ளை. அவருக்கு ஒண்டும் நடக்கேல்லை."

சனம் அதையும் நாடகம் என்று நினைத்தது. எழும்பி நின்று கை தட்டியது. விசில்கூட அடித்தார்கள். அந்தச் சனத்தின் மேல் அன்றைக்கு எனக்கு வந்த கோபம் இன்னும் முழுதாகப் போகவில்லை, அவர்களில் பிழை இல்லை என்று தெரிந்தும். நான் லைட்டை அணைத்துவிட்டேன். எனக்குச் செய்யத் தெரிந்தது அவ்வளவுதான்.

அக்கா ஒருவரையும் ஏசவில்லை. அயன் பிளக்கைக் கழற்றினாள், படத்தை எடுத்துச் சேலைத் தலைப்புக்குள் மறைத்தாள், தனியே பஸ் பிடித்து வீட்டுக்குப் போனாள். அதற்குப் பிறகு மண்டபப் பக்கம் வரவில்லை. மகளோடு தேவைக்குப் பேசினாள். சாப்பிட்டியோ, குளிர் உடுப்புப் போடு, கதவைப் பூட்டு. இதற்கு மேல் ஒன்றுமில்லை. ஒரே வீட்டுக்குள் இரண்டு பேர் அப்படி இருப்பதை நடுவில் நின்று பார்ப்பது ஒரு தண்டனை.

கொலம்பியாக்காரி ஒரு கேக்கோடு மன்னிப்புக் கேட்க வந்தாள். நான்தான் இரண்டு பக்கமும் மொழிபெயர்த்துச் சொன்னேன். தன் தாய் தம்பியின் படத்துக்குப் பூ வைத்த அன்றுதான் முதன்முதலாக நிம்மதியாக நித்திரை கொண்டாள் என்று சொல்லி அவள் அழுதாள்.

"அவ தன்ரை பிள்ளைக்கு வைச்சா," என்றாள் அக்கா. "நான் வைக்கேல்லை."

நான் என்ன செய்ய வேண்டும் என்று கேள், என்றாள் கொலம்பியாக்காரி.

"ஒண்டும் செய்ய வேண்டாம். தேத்தண்ணி ஆறுது, குடிக்கச் சொல்லு."

ஹரோக்காரர் அதற்குப் பிறகு அதிகம் பொறுக்கவில்லை. அவர்களையும் குறை சொல்ல ஏலாது. மேடையில் தாயும் மகளும் பூவுக்கு இழுபட்டதை அவர்கள் கண்ணாலே கண்டார்கள். பொடியன் கொஞ்சக் காலம் போன் எடுத்தான், பிறகு அதுவும் நின்றது. அன்றுதான் மகள் குசினியில் நின்று தாயைப் பார்த்துக் கத்தினாள். அவர் செத்துப்போனார் அம்மா, எல்லாருக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும் என்று ஆங்கிலத்தில் கத்தினாள். அக்காவுக்கு அந்த அளவு ஆங்கிலம் விளங்கும். அவள் கீரை ஆய்ந்துகொண்டே இருந்தாள்.

போன மாரியில் அக்காவுக்குச் சளி நெஞ்சில் இறங்கியது. ஆஸ்பத்திரியில் வைத்தார்கள், வீட்டுக்கு அனுப்பினார்கள், திரும்ப வைத்தார்கள். மகள் வேலைக்கு லீவு போட்டுவிட்டுப் பக்கத்திலேயே இருந்தாள். இருவரும் என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. நான் போகும் நேரமெல்லாம் ஒன்றும் பேசாமல்தான் இருந்தார்கள், ஆனால் கை பிடித்தபடி இருந்தார்கள். அக்கா ஒரு காலை, நான் ஷிப்டில் நிற்கும்போது, போய்விட்டாள்.

மரண அறிவித்தல் போட வேண்டும். நம் வழக்கம் தெரியும்தானே, இன்னாரின் மகள், இன்னாரின் மனைவி, இன்னாரின் தாய், ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் நாடு. செத்த பெயருக்கு முன்னால் காலஞ்சென்ற. அறிவித்தல் போடுகிறவர் போனில் ஒவ்வொன்றாகக் கேட்டார். அம்மா, ஐயா காலஞ்சென்றவர்கள் என்று நான் சொன்னேன்.

"கணவரும் காலஞ்சென்றவர்தானே?"

மகள் என் கையிலிருந்து போனை வாங்கினாள்.

"இல்லை," என்றாள்.

"அப்ப, தங்கச்சி, எந்த நாடெண்டு போடுறது?"

"நாடு போடத் தேவையில்லை," என்றாள். அவர் எழுதிக்கொண்டார். அப்படியே வந்தது.

அடக்கத்துக்குக் குழு முழுவதும் வந்தது. வேலை உடுப்போடு வந்தவர்களும் இருந்தார்கள். சவக்காலையில் மண் போட்டு முடிந்ததும் கொலம்பியாக்காரி அக்காவின் பெயரைக் கூப்பிட்டாள். எல்லாரும் பிரெசெந்தே என்றார்கள், நானும் சொன்னேன். அவள் கையில் இரண்டு பூ இருந்தது. ஒன்றை மண்ணில் வைத்தாள். மற்றதைப் பிடித்துக்கொண்டு மகளைப் பார்த்தாள். மகள் தலையை ஆட்டி வேண்டாம் என்றாள். கொலம்பியாக்காரி அந்தப் பூவைக் கோட்டுப் பொக்கற்றுக்குள் போட்டுக்கொண்டாள்.

துக்கத்தில் செய்கிறாள், ஆறிவிடும் என்று நினைத்தேன். அக்காவோடு அந்தக் காத்திருப்பும் மண்ணுக்குள் போகட்டும், இந்தப் பிள்ளையாவது தன் பாட்டைப் பார்க்கட்டும் என்று வேண்டிக்கொண்டேன்.

நவம்பர் வந்தது. பூசைக்கு மரித்தவர்களின் பெயர் கொடுத்தபோது அக்காவின் பெயரை மகள்தான் கொடுத்தாள். மன்றாட்டு வந்தது. நோயாளிகளுக்காக ஒருவர் எழும்பினார், பரீட்சை எழுதுகிற பிள்ளைகளுக்காக ஒருவர் எழும்பினார். பிறகு எனக்குப் பக்கத்தில் அவள் எழும்பினாள். பிரயாணத்தில் இருக்கிறவர்களுக்காக என்று, அந்த உடைந்த தமிழில், தாய் சொன்ன மாதிரியே சொல்லித் தகப்பனின் பெயரைச் சொன்னாள். கோயில் குனிந்து தன் விரல்களைப் பார்த்தது. பிறகு, கேட்டருளும் ஆண்டவரே என்றது.

திரும்பி வரும்போது பஸ்ஸில் மேல் தட்டில் இருந்தோம். நான்தான் கேட்டேன்.

"நீதானே பிள்ளை அவர் இல்லை எண்டு கத்தினனீ? உனக்குத் தெரியும்தானே?"

"ஓம், தெரியும்."

"அப்ப ஏன்?"

அவள் மடியில் தாயின் செபப்புத்தகம் இருந்தது. என்னைப் பார்த்தாள், எனக்கே மறந்துபோன ஒன்றை ஞாபகப்படுத்துகிற மாதிரி.

"சோடி வராட்டி மற்றவதானே முழுசாச் செய்யவேணும், சின்னம்மா," என்றாள்.